ஒன்பதாம் பட்டன் வேதமாணிக்கம்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இந்தக் கல்லுல உக்காருங்க. வேப்பமர நெழலு, குளுகுளுன்னு இருக்கும். காப்பி குடிப்பீங்கல்லா? கருப்பட்டிக் காப்பிதான். நம்ம மண்டிச் சரக்கு, கலப்படம் கெடையாது. பைய ஆறட்டும், சூடா இருக்கு.

கையெழுத்துதானே? போடுதேன். எங்க ஓடிப் போகப்போறேன். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுக்குத ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்க. எங்க கல்லறைத் தோட்டம் ரோட்டுக்குள்ள போகுது. கெடக்குத எலும்பையெல்லாம் தோண்டி வேற எடத்துல கொண்டு வைக்கப்போறீங்க, அதுக்குச் சொந்தக்காரன் சம்மதம் வேணும். எனக்கு வெளங்குது தம்பி. எம் பொண்டாட்டி சொர்ணபாய், நாப்பத்தொண்ணாம் நம்பர். சரிதானா? ஆனா நான் பேனாவைத் தொடுததுக்கு முன்னால இதுக்கெல்லாம் காரணம் யாருங்கத நீங்க தெரிஞ்சுக்கிடணும். எங்க ஐயருதான் காரணம்.

பூணூல் போட்ட ஐயரு இல்ல. எங்க பக்கம் சர்ச்சுல பிரசங்கம் பண்ணுத பாஸ்டரை ஐயருன்னுதான் சொல்லுவோம். அந்தாளு பேரு வேதமாணிக்கம். எம் பேரும் வேதமாணிக்கம். அவரு ச. வேதமாணிக்கம், நான் ஐ. வேதமாணிக்கம். இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, நற்சாட்சிபுரத்துல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு வேதமாணிக்கம் மண்டையிலதான் விழும்.

அவரு இங்க மாத்தலாகி வந்தப்ப முதல் மாலை போட்டது யாரு? நான். சர்ச் கமிட்டி செயலாளரு யாரு? நான். இருபத்திரெண்டு வருசம். ஐயருமாரு வருவாவ, மூணு வருசம் நாலு வருசம் இருப்பாவ, போயிருவாவ. நான் இங்ஙனயேதான் இருப்பேன். வருத ஐயருக்கெல்லாம் எந்த வீட்டுல சாப்பிடலாம், எந்த வீட்டுல ஜெபம் பண்ணிட்டு வாசலோட வந்துரணும்னு நான்தான் சொல்லிக் குடுப்பேன். நல்லதுக்குத்தானே சொல்லுதது? இவருகிட்டயும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. மறுநாளு மத்தியானம் தெற்குத் தெருவுல போயி சம்மணம் போட்டு உக்காந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுட்டு வாராரு.

தெற்குத் தெருன்னா உங்களுக்கு வெளங்கும்லா? வெளங்கும். எல்லா ஊர்லயும் ஒரு தெரு இருக்கு. அவங்களும் எங்க சபைதான், இல்லைங்கல. நான் ஒருநாளும் அவங்களைச் சர்ச்சுக்குள்ள வராதேன்னு சொன்னதில்ல. கேட்டுப் பாருங்க.

நம்ம ஆளுதான் தம்பி அந்த ஐயரு. அதான் வயித்தெரிச்சல். வேத்தாளா இருந்தா விட்டுத் தள்ளியிருப்பேன். எங்க மதினி வழியில சுத்தி வளைச்சுப் பாத்தா சொந்தம்கூட வருது.

முதல்ல பொம்பளப் பிள்ளைகளைப் பலிபீடத்துல ஏத்தி வேதம் வாசிக்க வச்சாரு. சரி, காலம் மாறுதுன்னு பொறுத்துக்கிட்டேன். அப்புறம் திருவிருந்து. மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அப்பமும் திராட்சைரசமும் குடுப்பாவல்லா, அது. ரசத்துக்கு ஒரே வெள்ளிப் பாத்திரம், எல்லாரும் அதுலதான் வாய் வைக்கணும். எங்க தெரு முன்னால போகும், தெற்குத் தெரு கடைசியில வரும். யாரும் சட்டம் போட்டு வச்சதில்ல, அதுபாட்டுக்கு அப்பிடி நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை இவரு பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு நேரா பின் வரிசைக்குப் போயிட்டாரு. பின்னால இருந்து ஆரம்பிக்காரு! அன்னைக்கு எங்க தெருவுல பாதிப்பேருக்குத் திடீர்னு இருமலு. முழங்கால்ல நிக்காம எந்திரிச்சுப் போயிட்டாவ. நான் போகலை. நான் நின்னேன். பாத்திரம் எங்கிட்ட வந்தப்ப வாயை மூடிக்கிட்டேன், அம்புட்டுத்தான்.

அதுக்கு மறுவாரம் நான் அவருகிட்ட வெவரமா எடுத்துச் சொன்னேன். சத்தம் போட்டேன்னு ஊருக்குள்ள சொல்லுவாவ. நான் சத்தம் போடலை தம்பி, என் குரலே அப்பிடித்தான். முப்பது வருசம் மண்டியில ஏலம் கூப்பிட்ட குரலு.

இப்ப கல்லறைக்கு வாரேன்.

தோட்டத்துக்கு நடுவுல இடுப்பளவு சுவரு ஒண்ணு இருந்துச்சு. வடக்க நாங்க, தெக்க அவங்க. அவரு வந்த ரெண்டாம் வருசம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியும் பூவுமா நிக்கி, இவரு கடப்பாரையோட வாராரு. அங்கியைக் கழட்டி மரத்துல மாட்டிட்டு முதல் இடி இவருதான் இடிச்சாரு. செத்தவங்களுக்கு எதுக்குச் சுவருன்னு கேட்டாரு. செத்தவங்களுக்கு இல்லவே, உயிரோட இருக்கவனுக்குன்னு சொன்னேன். அவருக்கு ஏறலை.

அந்த வருசம்தான் சொர்ணபாய்க்குப் பக்கவாதம் வந்துச்சு. குளிக்குத ரூம்ல விழுந்தா. வலது கை, வலது கால், ஒண்ணும் வராது. பேச்சும் குழறிப்போச்சு. எட்டு மாசம் படுக்கை. மகன் பெங்களூர்ல, அவனுக்கு லீவு கெடையாது. எனக்கு மண்டி. பாத்துக்கிட ஆளு வேணும்லா? எங்க தெருவுல எவ வருவா பீத்துணி அலச? தெற்குத் தெருவுல இருந்து தெபோராள்னு ஒரு பொம்பளை வந்தா. புருசன் செத்து, பிள்ளை இல்லாதவ, அம்பது வயசு இருக்கும். நான் அவளுக்கு ஒரு குறையும் வச்சதில்ல. பின்வாசல் வழியா வருவா, அவளுக்குன்னு தனி டம்ளரு, தனித் தட்டு, எல்லாம் முறையா இருந்துச்சு. உள்ள வந்தா சொர்ணபாயைத் தூக்கி உக்காத்துவா, குளிப்பாட்டுவா, தலை சீவுவா, பொட்டிக்குள்ள இருக்குத பட்டுச்சேலையை எடுத்து ஞாயித்துக்கிழமைக்குக் கட்டி விடுவா. ரெண்டு பேருக்கும் என்னதான் பேச்சோ. சொர்ணபாய் கொழகொழன்னு என்னமோ சொல்லுவா, எனக்கு ஒரு எழவும் வெளங்காது, அவளுக்கு வெளங்கிரும். சிரிப்பாளுக. நான் உள்ள நுழைஞ்சா நிப்பாட்டிருவாளுக.

ஒருநாளு பாத்தேன், சொர்ணபாய் அவ டம்ளர்ல இருந்து தெபோராளுக்குக் காப்பி குடுக்கா. அன்னைக்குக் கொஞ்சம் குரலு ஒசந்துருச்சு. டம்ளரைத் தூக்கிக் கெணத்துப்பக்கம் எறிஞ்சேன். வேற ஒண்ணுமில்ல.

தெபோராள் ஒரு சிலேட்டு வாங்கிக்கிட்டு வந்தா. பலப்பத்தை இவ இடது கையில குடுத்து அ, ஆ எழுதப் பழக்கினா. சின்னப் பிள்ளையாட்டம் ரெண்டு பேரும் மத்தியானம் பூரா சிலேட்டும் கையுமா இருப்பாளுக. பொழுதுபோக்குன்னு நெனச்சு நான் கண்டுக்கிடலை.

மாசி மாசம் சொர்ணபாய் போயிட்டா. முப்பத்தெட்டு வருசக் குடும்பம் தம்பி. நல்லபடியா அடக்கம் பண்ணினேன். கிரானைட் கல்லறை, சிலுவை எல்லாம். அதுக்குப் பக்கத்துல எனக்குன்னு எடம் பிடிச்சேன். எங்கள்ல அப்பிடி ஒரு வழக்கம். முன்னால போனவங்களுக்குப் பக்கத்துல நம்ம பேரைப் போட்டு ஒரு கல்லு நட்டுருவோம். ஐ. வேதமாணிக்கம், பிறப்பு இன்ன தேதி, அப்புறம் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா விட்டிருக்கும். நாம போனப்புறம் தேதியை மட்டும் கொத்திக்கிட்டாப் போதும்.

நீங்க உக்காந்திருக்கது அந்தக் கல்லுதான். எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க, ஒண்ணும் பண்ணாது. எழுத்து அடியில இருக்கு.

அது எப்பிடி இங்க வந்துச்சுன்னு கேளுங்க. அதே வருசம் புரட்டாசியில மகன் வீட்டுல பேத்திக்கு ஞானஸ்நானம்னு பெங்களூர் போனேன். அஞ்சு நாளு. திரும்பி வந்து பூ வைக்கலாம்னு கல்லறைக்குப் போனா, சொர்ணபாய்க்குப் பக்கத்துல பச்சை மண்ணு. என் எடத்துல. கனகாம்பர மாலை ஒண்ணு வாடிக் கெடக்கு. என் கல்லை எடுத்து மரத்துல சாத்தி வச்சிருக்கு. தெபோராள் நெஞ்சுவலியில செத்துப் போனாளாம், ஐயரு அவளைக் கொண்டுவந்து எம் பொண்டாட்டி பக்கத்துல புதைச்சிருக்காரு!

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? சொல்லுங்க. உங்க எடத்துல, உங்க வீட்டுக்காரி பக்கத்துல, யாரோ ஒருத்தி.

நேரா ஐயரு வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு கேட்டேன். அந்த மனுசன் ரொம்ப அமைதியா, "அண்ணாச்சி, உள்ள வாங்க. இது நானா எடுத்த முடிவு இல்ல. அம்மாதான் கேட்டாங்க" அப்பிடிங்காரு. எந்த அம்மா? சொர்ணபாயா? எட்டு மாசமா ஒரு வார்த்தை தெளிவாப் பேசாதவ உம்மகிட்ட மட்டும் வந்து சொன்னாளான்னு கேட்டேன். சொன்னாங்க அண்ணாச்சின்னாரு. செத்தவ வந்து சாட்சி சொல்லவா போறா? என்ன வேணாலும் சொல்லலாம். பொய்யின்னேன். ஊரே கூடிருச்சு. அன்னைக்கே கல்லைத் தூக்கி வண்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்.

பிஷப்புக்கு மனு எழுதினேன், பதினோரு மனு. ஒரு பதிலு இல்ல. சரி, கர்த்தர் வழி காட்டுவாருன்னு இருந்தேன். காட்டினாரு. மறு வருசம் சட்டசபைத் தேர்தலு. இவரு சுயேச்சையா நிக்கப்போறேன்னு கெளம்பிட்டாரு!

டயோசிஸ்ல, அதான் பிஷப் ஆபீஸ்ல, ஐயரா இருந்துக்கிட்டு நிக்க முடியாதுன்னுட்டாவ. அங்கியைக் கழட்டிக் குடுத்துட்டு ராஜினாமா பண்ணிட்டுத்தான் நின்னாரு. எதுக்கு நின்னாரு? இந்த பைபாஸுக்குத்தான். ரோடு தெற்குத் தெரு வழியா, கொளத்து வழியா, கல்லறை வழியா வரக்கூடாது, கெழக்க பெரிய பண்ணைக்காரங்க தோட்டம் வழியாத் திருப்புங்கன்னு பேசுதாரு. வீடு வீடாப் போறாரு. எங்க சாதி, அவங்க சாதி, சாயபுமாரு, கோயில் பூசாரி வீடு, ஒண்ணு விடலை. திருநங்கை ரெண்டு பேரு அவருக்கு நோட்டீஸ் குடுக்குதாவ. கூட்டம் சேந்துருச்சு தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஜெயிச்சுருவாருன்னு எங்க தெருவுலயே பேச்சு.

அப்பத்தான் தங்கப்பழம் வந்தான். ஒன்றியத்துல கட்சி வேலை பாக்கவன், வெள்ளைக் காரு. "அண்ணாச்சி, உங்க பேரு என்ன?" அப்பிடின்னான். என்னடே, தெரியாத மாதிரி கேக்கன்னேன். "வேதமாணிக்கம்லா? அதை மட்டும் கொஞ்சம் கடன் குடுங்க"ன்னான். நானும் சுயேச்சையா நிக்கணும். வேலை ஒண்ணும் கெடையாது. ஓட்டு மெஷின்ல ரெண்டு வேதமாணிக்கம் மேலயும் கீழயுமா இருக்கும், கண்ணு தெரியாத கெழடுக மாத்தி அமுக்கிரும். அம்புட்டுத்தான் கணக்கு.

காசு வாங்கினேன்னு ஊர்ல சொல்லுவாவ. ஒரு பைசா வாங்கலை. சிலுவை மேல சத்தியம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கல்லறை என்ன ஆகும்? தங்கப்பழம் ஒரு வரைபடத்தை விரிச்சுக் காட்டினான். செவப்புக் கோடு போட்டிருந்துச்சு. "தெக்குப் பாதிதான் அண்ணாச்சி போகுது. சுவரு இருந்த எடம் வரைக்கும்தான். உங்க வடபக்கத்துல ஒரு கல்லு அசையாது"ன்னான். அப்பிடியா, அப்ப சரின்னேன். தெக்குப் பாதி போனா போகட்டும், எனக்கென்ன.

வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், ஐயரு போட்டிருக்க மாதிரியே மூக்குக் கண்ணாடி. அப்பிடி போட்டோ எடுத்துக் குடுத்தாவ. மனுத்தாக்கல் பண்ணியாச்சு, மனுவும் ஏத்துக்கிட்டாவ. இனி வாபஸ் வாங்குத நாளு ஒண்ணுதான் பாக்கி. அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள தாலுகா ஆபீஸ்ல நேர்ல போய் எழுதிக் குடுத்தா பேரை எடுத்துருவாவ. மூணு அடிச்சா முடிஞ்சுது.

அன்னைக்குப் பதினோரு மணி இருக்கும். இந்தா, இந்தக் கேட்டுக்கு வெளிய சைக்கிளை நிறுத்திட்டு அவரு நிக்காரு. ஒத்தையில. கூட்டம், கொடி, ஒண்ணும் இல்ல. வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்காருன்னு நெனச்சேன். கெஞ்சட்டும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கெஞ்சலை. சட்டைப்பையில இருந்து மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்து நீட்டுதாரு.

"அண்ணாச்சி, இது உங்ககிட்ட இருக்கணும். எங்கூடச் சுத்துத பிள்ளைகள்ல ஒருத்தன் இதைப் பாத்துட்டான். நோட்டீஸ் அடிச்சு ஊர் பூரா ஒட்டணும்னு நிக்கான். எம் பெட்டியில இருந்தா பத்திரம் இல்ல. உங்களை அசிங்கப்படுத்தி எனக்கு ஒரு ஓட்டு வேண்டாம்" அப்பிடின்னாரு. குடுத்துட்டு சைக்கிளைத் திருப்பிட்டாரு. காப்பி குடிக்கீரான்னுகூட நான் கேக்கலை.

எம்புட்டுத் திமிரு பாத்தீங்களா? அசிங்கப்படுத்த மாட்டாராம்!

பிரிச்சுப் பாத்தேன். சொர்ணபாய் எழுத்து. அவ நல்லாருந்தப்ப எழுதுத எழுத்து இல்ல. கோணக்கோணையா, ஒரு எழுத்து பெருசு ஒரு எழுத்து சின்னது, இடது கையால எழுதினது. சிலேட்டு. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு, அந்தச் சிலேட்டு எதுக்குன்னு. இதுக்குத்தான் மத்தியானம் மத்தியானமா அ, ஆவன்னா பழகியிருக்கா.

"ஐயர் அவர்களுக்கு. எனக்குப் பின் தெபோராள் போனால் அவளை என் பக்கத்தில் வையுங்கள். அவர் அந்த இடத்தில் கல் நடுவார். எடுத்துவிடுங்கள்."

அம்புட்டுத்தான். அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. அது உங்களுக்கு வேண்டாம்.

கேளுங்க தம்பி, எனக்கு என்ன கோவம்னா, அவ ஏன் அதை எங்கிட்ட சொல்லலை? நான் புருசன்தானே? முப்பத்தெட்டு வருசம் சோறு போட்டவன் நான். அவளுக்கு ஒரு கொறை வச்சேனா? காது நெறைய நகை, திருச்சபையில முதல் பெஞ்சு. சொல்லுததுன்னா எங்கிட்ட சொல்லணும். நேத்து வந்த ஐயருக்குக் காகிதம் எழுதுவாளாம், அவரு அதை ஒண்ணரை வருசம் பொத்திப் பொத்தி வச்சிருப்பாராம். நான் ஊர் நடுவுல நின்னு பொய்யிங்கேன், அப்பவாவது அதை எடுத்துக் காட்ட வேண்டியதுதானே? காட்டலை. ஏன் காட்டலை? அந்தக் கடைசி வரிக்காக. எம் மேல எரக்கப்பட்டிருக்காரு! அந்தாளு யாரு எம் மேல எரக்கப்பட?

மணி பன்னெண்டு ஆச்சு. ஒண்ணு ஆச்சு. தாலுகா ஆபீஸ் இங்க இருந்து பதினாலு கிலோமீட்டர், வண்டி வாசல்லதான் நிக்கி. சாவியைக் கையில எடுத்தேன். எடுத்தது உண்மை. வாசல் வரைக்கும் வந்தேன். திரும்பப் போய் அந்தக் கடைசி வரியை இன்னொருக்கப் படிச்சேன். சாவியை ஆணியில மாட்டிட்டு உக்காந்துட்டேன். கடியாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மூணு அடிச்சுது. தங்கப்பழம் போன் போட்டு, "அண்ணாச்சி, ஒம்பதாவது பட்டன் நீங்க, பத்தாவது அவரு"ன்னு சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சின்னம் இஸ்திரிப் பெட்டி, அவருக்குத் தையல் மெஷின்.

நான் ஒரு வீட்டுக்கும் போய் ஓட்டு கேக்கலை. வாயைத் திறக்கலை. ஓட்டுப் போட்டு முடிஞ்ச அன்னைக்குத் தெற்குத் தெருக் கெழவிக அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயரே, மேல இருந்த வேதமாணிக்கத்துக்குத்தான் குத்தியிருக்கோம், வெள்ளைச் சட்டை போட்டு நல்லா இருந்தீரு" அப்பிடின்னு சொல்லியிருக்காளுக. பக்கத்துல நின்ன பிள்ளைக அழுதுட்டாவளாம். அந்தாளு கெழவிகளுக்குத் தேங்க்ஸ் சொல்லிருக்காரு. நடிப்பைப் பாருங்க.

எண்ணினாவ. அவரு எண்ணூத்தி அறுபத்திமூணு ஓட்டுல தோத்தாரு. எனக்கு விழுந்தது ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினேழு.

எனக்குச் சந்தோசம்தான். ஏன் இல்ல? வெடி போட்டாவ எங்க தெருவுல. என் தோள்ல துண்டு போட்டாவ. அப்புறம் ஒவ்வொருத்தரா பேச்சைக் கொறைச்சுக்கிட்டாவ, ஏன்னு தெரியலை. சர்ச்சுல என் பெஞ்சுல நான் மட்டும்தான் உக்காருதேன். காலை நீட்டி உக்காரலாம், வசதிதான். மகன் போன் போடுததில்ல. பெங்களூர்ல டவர் சரியில்லன்னு நெனக்கேன்.

ஜெயிச்சவன் ரெண்டு வருசத்துல ரோட்டைக் கொண்டுவந்துட்டான். ரோட்டுக்கு எல்லைக் கல்லு நட வந்தாவ, பாத்தா வடக்கயும் நடுதாவ, தெக்கயும் நடுதாவ. ஏன்டே, சுவரு வரைக்கும்னுதானே சொன்னீங்கன்னு தங்கப்பழத்தைப் பிடிச்சுக் கேட்டேன். எந்தச் சுவரு அண்ணாச்சிங்கான். ரெண்டு பக்கமும் சர்க்கார் கணக்குல ஒரே சர்வே நம்பராம். எப்பவுமே ஒண்ணுதானாம். நாங்க கட்டின சுவரு எந்த வரைபடத்துலயும் கெடையாதாம். வெள்ளைக் காருல ஏறிப் போயிட்டான். அதுக்கப்புறம் போனை எடுக்கலை.

அந்த ஐயரு இப்ப தெற்குத் தெருவுல வாடகை வீட்டுல இருக்காரு. கோர்ட்டுல கேஸு போட்டாரு, தள்ளுபடி ஆயிருச்சு. நேத்துக்கூட சைக்கிள்ல போனாரு. எனக்கு வணக்கம் சொல்லுதாரு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். சுவரை இடிச்சது அவருதானே? சுவரு இருந்திருந்தா இம்புட்டும் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க. என்ன, சுவரு இருந்தாலும் எடுத்திருப்பீங்களா? அது உங்க சட்டம் தம்பி. நான் நியாயத்தைப் பேசுதேன்.

குடுங்க, குடுங்க. எங்க போடணும்? நாப்பத்தொண்ணு, சொர்ணபாய் வேதமாணிக்கம். உறவுமுறை, கணவர். இந்தா. தேதியும் போட்டுட்டேன்.

அப்புறம் இது என்ன? நாப்பத்திரெண்டா. தெபோராள். உரிமை கோருபவர்ங்கத எடத்துல கோடு போட்டு வச்சிருக்கீங்க. ஆமா, அவளுக்கு யாரு இருக்கா. தம்பி மகன் ஒருத்தன் திருப்பூர் பக்கம் போனான், இருக்கானோ இல்லையோ. சபையில கையெழுத்துப் போடவும் இப்ப ஐயரு கெடையாது, இவரு போனப்புறம் புது ஆளு யாரும் வரலை. கேக்க ஆளில்லாத எலும்பை என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் ஒரே குழியிலயா? பேரு இருக்காதா? ஓ.

சரிதான். நல்லதுதான். வேற என்ன பண்ண முடியும்.

என்ன சொன்னீங்க? இன்னொருக்கச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்குப் புது எடத்துல ரெண்டு குழி சேத்துத் தாரீங்களா? சொர்ணபாய் பக்கத்துல எனக்கு எழுதிரலாமா? இன்னைக்கேவா? சர்க்கார் முத்திரையோட?

ஏ யப்பா. இதுக்காக நான் பதினோரு மனு எழுதினேன். இதுக்காக எலெக்சன்ல நின்னேன். நீங்க காப்பி குடிச்சுக்கிட்டே தாரீங்க.

கொஞ்சம் இருங்க.

இந்தா, இதான் அந்தக் காகிதம். வேதப்புஸ்தகத்துக்குள்ளதான் வச்சிருக்கேன். எரிச்சுப்போடணும்னு நெனச்சு நெனச்சு எடுப்பேன், மறுபடி வச்சிருவேன். நீங்க வெளியூரு, நாளைக்கு யாருன்னு தெரியாது. நீங்களே வாசிங்க. கடைசி வரி. சத்தமா வாசிக்க வேண்டாம். சரி, சத்தமாவே வாசிங்க, எனக்குக் கண்ணு மங்குது.

"முப்பத்தெட்டு வருஷம் அவருக்குப் பயந்தே படுத்தேன். போதும் ஐயரே."

நான் அவளை ஒருநாளும் கைநீட்டி அடிச்சதில்ல தம்பி. ஒருநாளும். குரலு கொஞ்சம் ஒசரும். டம்ளரை எறிவேன், சோத்துத் தட்டை எறிவேன், அவ மேல பட்டதில்ல. குரலுக்கா ஒருத்தி இப்பிடிப் பயப்படுவா? இடது கையால எழுதப் பழகி எழுதுத அளவுக்கா? சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?

கேட்டிருக்க மாட்டேன். சத்தம் போட்டிருப்பேன்.

பேனாவைத் தாங்க. அந்த நாப்பத்திரெண்டையும் இங்க வைங்க. சேத்துத் தார ரெண்டாவது குழி அவளுக்கு. கோட்டை அடிச்சுட்டு எழுதுங்க, உரிமை கோருபவர் ஐ. வேதமாணிக்கம். உறவுமுறை என்ன எழுதவா? வேலைக்காரின்னு எழுதாதீங்க. எழுதக்கூடாதுன்னா எழுதக்கூடாது. நான் சத்தம் போடலை. சொர்ணபாய்க்கு வேண்டியவள்னு எழுதுங்க. கட்டத்துல எடம் பத்தாட்டி எழுத்தைச் சின்னதாக்குங்க, அது உங்க பாடு.

எனக்கா? எனக்கு வேண்டாம். என்னை அந்த வரிசையிலயே வைக்காதீங்க. எங்கயாவது தள்ளி ஓரமாப் போடச் சொல்லி மகன்கிட்டச் சொல்லிக்கிடுதேன், டவர் கெடைச்சா. இந்தக் கல்லு இங்ஙனயே கெடக்கட்டும், வாரவங்க உக்கார ஆகுது.

ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டாச்சு. பாத்துக்கிடுங்க. தம்பி, போற வழியில தெற்குத் தெருவுக்கும் போவீங்கல்லா? அங்க அந்த ஐயரு இருப்பாரு. கேட்டா நாப்பத்தொண்ணுக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லுங்க. மத்தது அந்தாளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா சைக்கிளை எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்து நிப்பாரு, எனக்கு அந்த மூஞ்சியைப் பாக்க ஏலாது.